பந்து தட்டிச் சம்பாதிக்க: கொங்குப் பையன்களுக்கு ஒரு வழிகாட்டி

2019 மார்ச் 9 அன்று கோவை நேரு விளையாட்டரங்கில் மினர்வா பஞ்சாபை 3-1 என்று வென்று சென்னை சிட்டி அணி ஐ-லீக் கால்பந்துக் கோப்பையைத் தூக்கியது. மூன்றாம் நிமிடத்திலேயே கோல் வாங்கிவிட்டு, இரண்டாம் பாதியில் பெட்ரோ மான்ஸியின் பெனால்டி, கௌரவ் போராவின் இரண்டு கோல் என்று திருப்பிய ஆட்டம். அதே நேரம் கோழிக்கோட்டில் ஜெயித்த ஈஸ்ட் பெங்கால் ஒரே ஒரு புள்ளியில் பின்தங்கியது. பெயரில் சென்னை இருந்தாலும் அந்த அணிக்கு வீடு கோவைதான். அடுத்த சில ஆண்டுகளில் அந்த அணி லீக்கிலேயே இல்லாமல் போனது. இன்று உச்ச லீக்கான ஐ.எஸ்.எல்., அதற்கு அடுத்த ஐ-லீக் என்று சொல்லும்படி கொங்கு நாட்டுக்கென்று ஓர் அணி இல்லை.

இதை முதலில் சொல்லக் காரணம் இருக்கிறது. நம்மூர்ப் பையன் பந்தை நம்பிப் பிழைக்க வேண்டுமென்றால் எப்படியும் வெளியூர் போயாக வேண்டும். சென்னை, பெங்களூரு, கேரளா, கோவா, கொல்கத்தா. எப்போது போவது, எங்கே போவது, எதை வைத்துக்கொண்டு போவது என்பதில்தான் முதல் நான்கைந்து வருடம் நல்லபடியாகவோ வீணாகவோ போகிறது. திறமைக்கு இங்கே பஞ்சமில்லை. பஞ்சமெல்லாம் ஆட்டத்துக்கும் காகிதத்துக்கும்தான்.

என் கருத்தை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். 21 வயது வரைக்கும் ஒரே ஒரு கணக்குப் போதும்: இந்த சீசனில் 11 பேர் ஆடும் முழு மைதானத்தில், நடுவர் வைத்த ஆட்டத்தில், எத்தனை நிமிடம் ஆடினீர்கள்? ஜெர்சியில் இருக்கும் சின்னம், கிட் யார் கொடுத்தது, இன்ஸ்டாவில் எத்தனை பேர் பார்த்தார்கள் எல்லாம் அதற்குப் பிறகு.

முதல் வேலை: காகிதம்

பயிற்சிக்கு முன்னால் இதைச் சொன்னால் பையன்களுக்கு எரிச்சல் வரும். ஆனால் நல்ல ஆட்டக்காரன் செலக்ஷனில் ஜெயித்துவிட்டுக் காகிதத்தில் தோற்பது நடந்துகொண்டே இருக்கிறது.

பிறப்புச் சான்றிதழ், ஆதார், பள்ளி டி.சி., பத்தாம் வகுப்பு மார்க் ஷீட், பாஸ்போர்ட் ஐந்திலும் பிறந்த தேதி ஒன்றாக இருக்க வேண்டும். பள்ளியில் சேர்க்கும்போது ‘ஒரு வயசு சேத்திப் போடுங்க’ என்று அப்பத்தா சொல்லிப் போட்ட தேதி இன்னும் பல பேருக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. அடுத்தது இனிஷியல். ஆதாரில் ‘கே. பிரவீன்’, மார்க் ஷீட்டில் ‘பிரவீன் கே’, பாஸ்போர்ட்டில் ‘பிரவீன் குப்புசாமி’ என்று மூன்று விதமாக இருந்தால் கிளப் ஆபீஸில் உட்கார்ந்திருக்கும் வடநாட்டுக்காரருக்கு அது மூன்று ஆள். பாஸ்போர்ட்டில் இருப்பதுபோல மற்றதையும் மாற்றிவிடுவது நல்லது. 16 வயதில் மாற்றினால் இ-சேவை மையத்தோடு வேலை முடியும். 20 வயதில் மாற்ற வேண்டியிருந்தால் ஒப்பந்தம் கையில் இருக்கும்போது தாலுகா ஆபீஸ் வாசலில் நிற்க வேண்டிவரும்.

அகில இந்தியக் கால்பந்து சம்மேளனத்துக்கு சி.ஆர்.எஸ். என்று ஓர் இணையப் பதிவேடு உண்டு. அங்கீகரிக்கப்பட்ட எந்த லீக்கில் ஆடவும் அதில் உங்கள் பெயரில் ஓர் எண் வேண்டும். முதல்முறை பதிவு செய்வது பெரும்பாலும் உங்கள் உள்ளூர் கிளப்போ அகாடமியோதான். அந்த எண்ணையும், எந்தக் கிளப்பின் கீழ் பதிவாகியிருக்கிறது என்பதையும் நீங்களே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வேறு மாநிலத்துக்குப் போகும்போது மாநில மாற்றம் இதே பதிவேட்டின் வழியாகத்தான் நடக்கும். பழைய கிளப் விட்டுக்கொடுக்காமல் இழுத்தடித்தால் பதிவுக்கான காலம் முடிந்துபோகும், சீசனும் போகும். ஆகவே ஊர்க் கிளப்பில் யாரிடமும் சண்டை போட்டுக்கொண்டு வெளியேறாதீர்கள்.

வயதைக் குறைத்துக் காட்டுவது பற்றி ஒரு வார்த்தை. வயதுப் பிரிவுப் போட்டிகளுக்கு இடது கை மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்து எலும்பின் முதிர்ச்சியைப் பார்க்கிறார்கள். டி.டபிள்யூ.3 என்பார்கள். சர்டிபிகேட் என்ன சொன்னாலும் எலும்பு வேறு சொன்னால் வெளியே அனுப்பிவிடுவார்கள். ‘ரெண்டு வயசு கொறச்சுக்கலாம், எல்லாரும் பண்றாங்க’ என்று சொல்லும் கோச்சிடம் பையனை விடாதீர்கள்.

15 முதல் 18: ஊரில் இருந்தபடியே

பள்ளிப் போட்டிகள் குறுமையம், வருவாய் மாவட்டம், மாநிலம் என்று ஏறும். பள்ளிகளுக்கான சுப்ரதோ கோப்பை 1960-லிருந்து டெல்லியில் நடக்கிறது. மாநிலத்தில் ஜெயிக்கும் பள்ளி அங்கே போகும். முதலமைச்சர் கோப்பைப் போட்டிகளிலும் கால்பந்து உண்டு. இவற்றில் ஆடுவது கட்டாயம். கிளப்புகளின் கண்ணில் படுவதைவிட, சான்றிதழ் சேர்வதுதான் இதில் பெரிய லாபம். அந்தச் சான்றிதழின் மதிப்பைக் கடைசியில் சொல்கிறேன்.

தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விளையாட்டு விடுதிகளுக்கு 7, 8, 9, 11-ஆம் வகுப்பு மாணவர்களைத் தேர்வு செய்கிறார்கள். கோடை விடுமுறையை ஒட்டித் தேர்வு நடக்கும். தங்குமிடம், சாப்பாடு, கிட் எல்லாம் அரசு கொடுக்கும். அறிவிப்பு வரும்வரை காத்திருக்காமல் உங்கள் மாவட்ட விளையாட்டு அலுவலகத்துக்கு ஒரு நடை போய்க் கேளுங்கள். கோவைக்காரர்களுக்கு அது நேரு ஸ்டேடியத்திலேயே இருக்கிறது.

மாவட்ட டிவிஷன் லீக்கை யாரும் இளக்காரமாக நினைக்க வேண்டாம். 16 வயதுப் பையன் 30 வயது ரயில்வேக்காரரின் தோளில் மோதிப் பார்க்கும் இடம் அது. அகாடமியில் சம வயதுப் பையன்களோடு நூறு ஆட்டம் ஆடினாலும் இந்தப் பாடம் வராது. பந்து வருவதற்கு முன்பே அந்த ஆள் முழங்கையால் உங்கள் இடுப்பில் ஓர் இடம் பிடித்து வைத்திருப்பார். நடுவர் பார்க்காத பக்கம்தான் அது இருக்கும். அவர் வேகத்தில் உங்களுக்குப் பாதிதான். ஆனாலும் பந்து அவர் காலுக்குத்தான் போகும். எப்படி என்று இரண்டு மூன்று ஆட்டம் பார்த்தால் புரியும்: பந்து வருவதற்குள் அவர் இரண்டு தடவை தலையைத் திருப்பிப் பின்னால் பார்த்திருப்பார். நீங்கள் பந்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்திருப்பீர்கள்.

கோவையிலும் திருப்பூரிலும் இப்போது தெருவுக்குத் தெரு டர்ஃப் என்ற செயற்கைப் புல் மைதானம். மணிக்கணக்கில் வாடகை, இரவு 11 மணிக்கும் விளக்கு. ஐந்து பேர் ஆட்டம் கால் லாவகத்துக்கு நல்லதுதான். ஆனால் 40 கெஜம் திரும்பி ஓடவும், ஆஃப்சைடு கோட்டைப் பார்க்கவும், கார்னரில் ஆளைப் பிடிக்கவும் அதில் வழியில்லை. செலக்ஷனுக்கு வரும் நம்மூர்ப் பையன்களில் பாதிப் பேரின் குறை இது: காலில் பந்து இருக்கும்வரை ராஜா, பந்து போனதும் நின்றுவிடுவான்.

காற்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை பாலக்காட்டுக் கணவாய் வழியாக அடிக்கும் காற்றில் பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம் பக்கம் பந்தைத் தூக்கி அடித்தால் அடித்தவன் தலைக்கே திரும்பி வரும். இதைத் திட்டாமல் பயன்படுத்திக்கொள்ளுங்கள். எதிர்க்காற்றுப் பாதியில் தரையோடு தரையாகப் பாஸ், காற்றோடு ஆடும் பாதியில் தூரத்திலிருந்து ஷாட், கீப்பருக்குப் பந்து எங்கே விழும் என்று கணக்குப் போடும் பழக்கம். மூன்று மாதம் இப்படி ஆடியவன் வேறு ஊருக்குப் போய் நின்றால் அவன் முதல் டச் தனியாகத் தெரியும்.

உடம்பு

விரிவாக எழுத வேண்டியதில்லை, நெட்டில் கொட்டிக் கிடக்கிறது. மூன்றே விஷயம்.

ஃபிஃபாவின் ‘11 பிளஸ்’ என்ற வார்ம்-அப் முறை 20 நிமிடம்தான் ஆகும், கருவி எதுவும் வேண்டாம். முழங்கால், பின்தொடைக் காயங்களைக் கணிசமாகக் குறைக்கும் என்று ஆராய்ச்சிகளில் நிரூபணமானது. உங்கள் கோச் செய்யச் சொல்லாவிட்டாலும் நீங்கள் செய்யுங்கள்.

முழங்கால் ‘டப்’ என்று சத்தம் கேட்டு உடனே வீங்கினால் நாட்டுக் கட்டு, எண்ணெய்க் கட்டு என்று போகாதீர்கள். எலும்பு டாக்டரைப் பார்த்து, அவர் சொன்னால் எம்.ஆர்.ஐ. எடுங்கள். முழங்காலுக்குள் இருக்கும் ஏ.சி.எல். என்ற தசைநார் அறுந்திருந்தால் அறுவை சிகிச்சைக்குப் பிறகு மைதானம் திரும்ப ஒன்பது மாதத்துக்கு மேல் ஆகும். அதை ஆறு மாதமாகக் குறைத்தவர்களுக்கு இரண்டாம் முறையும் அறுந்ததைப் பார்த்திருக்கிறேன்.

மருந்து. சளிக்கு மெடிக்கல் ஷாப்பில் வாங்கும் சில இருமல் சிரப்புகளில் டெர்பியூட்டலின் இருக்கும். அது உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமையின் தடைப் பட்டியலில் உள்ள பொருள். ஜிம் கடையில் டப்பாவில் விற்கும் பவுடர்கள் இன்னும் மோசம், உள்ளே என்ன இருக்கிறது என்று விற்பவனுக்கே தெரியாது. தேசிய ஊக்கமருந்துத் தடுப்பு முகமையின் செயலியில் மருந்தின் பெயரைப் போட்டுப் பார்த்துவிட்டுக் குடியுங்கள். முட்டை, கடலை, கொள்ளு, கம்பு இவற்றுக்கெல்லாம் இன்னும் தடை வரவில்லை.

செலக்ஷனில் நடப்பது என்ன

ஐ.எஸ்.எல்., ஐ-லீக் கிளப்புகள் நேராக 20 வயதுப் பையனை முதல் அணியில் எடுப்பது அபூர்வம். ரிசர்வ் அணி அல்லது இளையோர் அணிதான் வாசல். 2022-ல் தொடங்கிய ரிலையன்ஸ் ஃபவுண்டேஷன் டெவலப்மென்ட் லீக் அந்த வயதுக்காரர்களுக்கானது. சிவகங்கை மாவட்டம் கண்டனூரில் பிறந்த சிவசக்தி நாராயணன் பெங்களூரு எஃப்.சி.யின் இரண்டாம் அணி வழியாகத்தான் மேலே வந்தார். 2022 டூரண்ட் கோப்பை இறுதியாட்டத்தில் மும்பை சிட்டிக்கு எதிராகக் கோல் அடித்தார், அந்த சீசன் ஐ.எஸ்.எல்.லில் வளர்ந்துவரும் வீரர் விருதும் வாங்கினார். கண்டனூரிலும் லீக் அணி கிடையாது.

ஓப்பன் செலக்ஷன் என்றால் இருநூறு பேர் வருவார்கள். முதலில் ஓட்டம், பிறகு 20 அல்லது 30 நிமிட ஆட்டம், அதுவும் முன்பின் தெரியாத பத்துப் பேரோடு. அந்த அரை மணி நேரத்தில் உங்கள் காலுக்குப் பந்து மொத்தமாக ஒன்றரை நிமிடம் வந்தால் அதிகம். மீதி நேரம் பந்து இல்லாமல் நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்பதைத்தான் அவர்கள் குறித்துக்கொள்கிறார்கள்.

படிவத்தில் ‘எந்த இடத்தில் ஆடுவீர்கள்’ என்று கேட்டால் ஒன்றை மட்டும் எழுதுங்கள். ‘எங்க வேணாலும் ஆடுவேனுங்க’ என்று சொல்வது நம்மூர் மரியாதை. கோச் காதில் அது ‘எங்கேயும் உருப்படியாக ஆடமாட்டேன்’ என்று விழும். இடது கால்காரர்கள் லெஃப்ட் பேக் (இடது பக்கத் தடுப்பு) ஆடத் தெரிந்திருந்தால் பாதி வேலை முடிந்தது. எல்லாரும் ஸ்ட்ரைக்கர், விங்கர் என்று வரும் இடத்தில் அந்த வரிசை எப்போதும் குட்டையாகத்தான் இருக்கும்.

ஆட்டம் தொடங்கியதும் முதல் மூன்று தொடுதலை எளிதாக வைத்துக்கொள்ளுங்கள்: வாங்கு, கொடு, நகர். நான்காவதில் வித்தை காட்டலாம். பந்தைப் பறிகொடுத்தால் அடுத்த ஐந்து நொடிதான் உங்கள் முழுச் செலக்ஷனும். கையை விரித்துக்கொண்டு நடுவரைப் பார்க்கிறவனைப் பெயர்ப் பட்டியலில் அடித்துவிடுவார்கள், திரும்பி விரட்டுகிறவன் எண்ணைச் சுற்றி வட்டம் போடுவார்கள். வாயைத் திறந்து பேசுங்கள். ‘மேன் ஆன்’ (ஆள் வருகிறான்), ‘டர்ன்’ (திரும்பு), ‘டைம்’ (நேரம் இருக்கிறது) மூன்றும் எல்லா மாநிலத்திலும் செல்லும். நம் பையன்கள் வெளியூர் மைதானத்தில் ஊமையாகிவிடுவதுதான் எனக்குத் தெரிந்து அவர்களுடைய பெரிய குறை, அதற்கும் ஆட்டத்துக்கும் சம்பந்தமே கிடையாது.

முந்தின நாளே அந்த ஊருக்குப் போய்த் தூங்குங்கள். ராத்திரி முழுக்க அன்ரிசர்வ்டில் நின்றுகொண்டு போய், காலை ஆறு மணிக்குப் பூட்ஸ் கட்டினால் பத்தாம் நிமிடத்தில் கால் பிடித்துக்கொள்ளும். புது பூட்ஸும் அன்றைக்கு வேண்டாம்.

காசு கேட்கும் செலக்ஷன்கள் பற்றி: 500, 1,000 பதிவுக் கட்டணம் என்றால் ஏற்பாட்டுச் செலவு என்று விட்டுவிடலாம். ‘3 லட்சம் கட்டினால் ஸ்பெயினில் கிளப்’ என்று வந்தால் போனை வைத்துவிடுங்கள். ஃபிஃபா விதிப்படி 18 வயது நிறையாதவரை ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக் கிளப்புக்கு மாற்ற முடியாது, சில குறுகிய விலக்குகள் தவிர. உங்கள் பையனுக்கு அந்த விலக்கு எதுவும் பொருந்தாது. அவர்கள் விற்பது சுற்றுலா, கூடவே ஒரு ஜெர்சி.

வாளையாறு தாண்டினால் செவன்ஸ்

கொங்குப் பையனுக்கு மட்டும் உள்ள தனிச் சபலம் இது. நவம்பர் முதல் மே வரை பாலக்காடு, மலப்புறம் பக்கம் ஏழு பேர் ஆடும் போட்டிகள். வயலை மட்டமாக்கி, சுற்றி மூங்கில் கேலரி கட்டி, விளக்கு போட்டு, டிக்கெட் விற்று நடத்துவார்கள். ஆப்பிரிக்காவிலிருந்து ஆட்களைக் கூட்டி வந்து ஆடவைப்பார்கள். ஆட்டத்துக்கு இவ்வளவு என்று கையில் காசு. கோவையிலிருந்து சாயங்காலம் கிளம்பி ஆடிவிட்டு விடியும்போது வீட்டுக்கு வந்துவிடலாம்.

நான் செவன்ஸை வெறுக்கிறவன் கிடையாது. அந்தக் கூட்டத்துக்கு நடுவில் ஆடியவனுக்கு அப்புறம் எந்த ஸ்டேடியமும் பயம் காட்டாது. ஆனால் அது சம்மேளனம் அங்கீகரிக்காத ஆட்டம். அங்கே அடித்த கோலுக்குச் சான்றிதழ் கிடையாது, கால் போனால் கேட்க நாதி கிடையாது. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டபின் போய் ஆடினால் கிளப் நடவடிக்கை எடுக்கும். ஒப்பந்தம் இல்லாத சீசனில், வீட்டுக் கஷ்டத்துக்கு, நம்பகமான டீமுக்கு ஆடுங்கள், தப்பில்லை. வாரத்தில் நாலு ராத்திரி ஆடுகிறவனின் முழங்கால் இருபத்தைந்தில் கிழடாகிவிடும். இதே கணக்குதான் உள்ளூர் டோர்னமென்ட்டுக்குக் ‘கெஸ்ட் பிளேயராக’ ஊர் ஊராகப் போவதற்கும்.

கையெழுத்துப் போடும் முன்

செலக்ஷனில் எடுத்துவிட்டார்கள். வீட்டில் பாயசம் வைத்தாயிற்று. ஊர் வாட்ஸ்அப் குரூப்பில் படம் போட்டாயிற்று. இப்போதுதான் நிதானம் வேண்டும்.

ஃபிஃபா கணக்கில் புரொஃபஷனல் என்றால் எழுத்து வடிவ ஒப்பந்தம் இருக்க வேண்டும், ஆடுவதற்கு ஆகும் செலவைவிட அதிகமாகச் சம்பளம் வர வேண்டும். இரண்டில் ஒன்று இல்லாவிட்டால் நீங்கள் அமெச்சூர். ‘எங்க டீம்ல ஆடு, தங்க இடம், சாப்பாடு, பஸ் காசு தர்றோம்’ என்பது நல்ல ஏற்பாடாகவே இருக்கலாம், ஆனால் அது வேலை கிடையாது என்று தெரிந்து போங்கள்.

18 வயது ஆகாதவர் போடும் ஒப்பந்தம் நம் நாட்டுச் சட்டப்படி செல்லாது, அப்பாவோ அம்மாவோ கையெழுத்துப் போட வேண்டும். 18-க்கு உட்பட்டவருக்கு மூன்று ஆண்டுக்கு மேல் ஒப்பந்தம் கூடாது என்பது ஃபிஃபா விதி. பெரியவர்களுக்கு வழக்கமான வரம்பு ஐந்து ஆண்டு. ஒப்பந்தம் போட்டபின் ‘மெடிக்கலில் பாஸானால்தான் செல்லும்’ என்று நிபந்தனை வைக்கக்கூடாது. மெடிக்கலை முதலில் முடித்துவிட்டுத்தான் பேனாவை நீட்ட வேண்டும்.

பணத்தைப் படிக்கும்போது மாதத் தொகையை விட்டுவிட்டு மாதங்களை எண்ணுங்கள். உதாரணத்துக்கு மாதம் 25,000 என்று போட்டிருக்கிறது, ஒப்பந்தம் எட்டு மாத சீசனுக்கு மட்டும். மொத்தம் 2 லட்சம். பன்னிரண்டு மாதத்துக்குப் பிரித்தால் மாதம் 17,000 கூட வராது. திருப்பூரில் பனியன் கம்பெனியில் தைக்கிற உங்கள் கூட்டாளி சனிக்கிழமை தவறாமல் கூலி வாங்குகிறான். வீட்டில் அந்த ஒப்பீடு வரும், வராமல் இருக்காது. முழு எண்ணை வைத்துக்கொண்டு பேசினால் அப்பாவுக்கும் புரியும், உங்களுக்கும் மனசாட்சி உறுத்தாது.

அடுத்து மூன்று கேள்வி. ஆட்டத்தில் அடிபட்டால் சிகிச்சைச் செலவு யாருடையது, ஆடாத மாதங்களுக்குச் சம்பளம் உண்டா? ‘கிளப் விரும்பினால் இன்னொரு வருடம் நீட்டிக்கலாம்’ என்று இருந்தால், அதே உரிமை உங்களுக்கு உண்டா, சம்பளம் ஏறுமா? வேறு கிளப்புக்குக் கடனாக, அதாவது கொஞ்ச காலத்துக்கு மட்டும், அனுப்பினால் சம்பள வித்தியாசத்தை யார் தருவது? பதிலை வாயால் சொன்னால் போதாது, காகிதத்தில் வர வேண்டும். ‘பாத்துக்கலாமுங்க தம்பி’ என்பது எந்த நடுவர் மன்றத்திலும் நிற்காது.

சம்பளம் வராவிட்டால்? இரண்டு மாதச் சம்பளம் பாக்கி வைத்தால், எழுத்தில் நோட்டீஸ் கொடுத்து 15 நாள் அவகாசம் தந்து, அப்போதும் வராவிட்டால் ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ளும் உரிமை ஃபிஃபா விதியில் இருக்கிறது. முறையீடு சம்மேளனத்தின் வீரர் நிலைக் குழுவுக்குப் போகும். அதற்கெல்லாம் ஆதாரம் கையில் இருக்க வேண்டும். கையெழுத்தான ஒப்பந்தத்தின் நகல், பேங்க் ஸ்டேட்மென்ட், மேனேஜரோடு நடந்த மெசேஜ் எல்லாவற்றையும் மெயிலில் போட்டு வையுங்கள். ரொக்கமாகச் சம்பளம் வாங்காதீர்கள். ஒரிஜினல் மார்க் ஷீட்டையும் பாஸ்போர்ட்டையும் கிளப்பில் கொடுத்துவிட்டு வராதீர்கள். எனக்குத் தெரிந்த ஒரு பையன் அப்படிக் கொடுத்துவிட்டு, கிளப் மூடிய பிறகு மார்க் ஷீட்டுக்காக அலைந்தான், அந்த வருடம் காலேஜிலும் சேர முடியவில்லை.

இது சின்ன கிளப்புகளின் கதை மட்டும் என்று நினைக்க வேண்டாம். 2025 ஜூலையில் நாட்டின் உச்ச லீக்கான ஐ.எஸ்.எல்.லையே நிறுத்தி வைப்பதாக அறிவிப்பு வந்தது. பெயர்பெற்ற கிளப்புகளே சம்பளத்தை நிறுத்தின. இந்திய அணி வீரர்களே அடுத்த மாதம் என்ன ஆகும் என்று தெரியாமல் இருந்தார்கள்.

ஏஜென்ட் வேண்டுமா என்றால், முதல் ஒப்பந்தத்துக்குப் பெரும்பாலும் வேண்டாம். உங்கள் பி.டி. மாஸ்டரும் ஒரு வக்கீலும் கூட இருந்தால் போதும். வைத்துக்கொள்வதென்றால் ஃபிஃபா உரிமம் உள்ளவரா என்று ஃபிஃபா இணையதளத்தில் பெயரைத் தேடிப் பாருங்கள். அவரோடு போடும் ஒப்பந்தம் இரண்டு ஆண்டுக்கு மேல் போகக்கூடாது. பையன் சிறுவன் என்றால் பெற்றோரின் எழுத்துச் சம்மதம் இல்லாமல் அவர் பேசவே கூடாது. ‘வாழ்நாள் முழுக்க 20 சதவீதம்’ என்று ஸ்டாம்ப் பேப்பரில் எழுதி நீட்டுகிறவர் ஏஜென்ட் இல்லை, கந்துவட்டிக்காரர்.

வெளியூரில் முதல் வருடம்

முதல் மூன்று மாதம் பெஞ்ச்சில்தான் உட்கார வேண்டிவரும். இது எல்லாருக்கும். அதற்கு மேலும் ஆட்டம் கிடைக்காவிட்டால் கோச்சிடம் போய் நேராகக் கேளுங்கள்: ‘நான் எதில் முன்னேறணும்?’ ஏன் எடுக்கவில்லை என்று கேட்டால் சண்டை, இப்படிக் கேட்டால் பாடம். ஒரு சீசன் முழுக்க உட்கார்ந்தே போனால், கீழ் டிவிஷன் அணிக்குக் கடனாகப் போகச் சம்மதியுங்கள். பெரிய கிளப்பின் ட்ராக் சூட் போட்டுக்கொண்டு இருபதாவது வயதைக் கழிப்பதைவிடச் சென்னை சீனியர் டிவிஷனிலோ பெங்களூரு சூப்பர் டிவிஷனிலோ இருபது ஆட்டம் ஆடுவது மேல். ஆனால் ஒரே சீசனில் மூன்று கிளப்புக்கு மேல் பதிவு செய்ய முடியாது, இரண்டுக்குத்தான் ஆட முடியும் என்பது பொது விதி. அவசரப்பட்டு மாறிக்கொண்டே இருக்காதீர்கள்.

அரிசிம்பருப்பு கிடைக்காது. கொல்கத்தாவில் மீன், கோவாவிலும் மீன், வடகிழக்கில் என்னவென்றே தெரியாத ஒரு கீரை. முதல் வாரமே சாப்பிடப் பழகிவிட்டால் எடை குறையாது. முட்டைகூடச் சாப்பிடாத வீட்டுப் பையன்கள் கிளப் டயட் நிபுணரிடம் முதல் நாளே சொல்லிவிட வேண்டும். இந்தி கொஞ்சம், இங்கிலீஷ் கொஞ்சம் கற்றுக்கொள்ளுங்கள். இலக்கணம் பார்த்து யாரும் டீமில் எடுப்பதில்லை, கோச் சொன்னது புரிந்ததா என்றுதான் பார்க்கிறார்கள்.

உங்கள் ஆட்டங்களின் வீடியோவைச் சேர்த்து வையுங்கள். கோல்களை மட்டும் வெட்டி, பாட்டுப் போட்டு அனுப்பினால் யாரும் பார்ப்பதில்லை. முழு ஆட்டம் ஒன்றின் லிங்க், நீங்கள் எந்த எண் என்ற குறிப்பு, அது போதும்.

காலேஜும் வேலையும்

‘ஏனுங் மாஸ்டர், பந்து தட்டியே சோறு திங்க முடியுங்ளா?’ என்று கேட்காத அம்மா கொங்கு நாட்டில் கிடையாது. நான் சொல்லும் பதில்: ‘முடியுமுங்க அக்கா, ஆனா டிகிரிய உடச் சொல்லாதீங்க.’

கோவை, ஈரோடு, சேலம் பக்கக் கல்லூரிகள் நல்ல ஆட்டக்காரனுக்குக் கட்டணம், விடுதி, சாப்பாடு எல்லாம் சும்மா தந்து சேர்த்துக்கொள்கின்றன. ஃப்ரீ சீட் என்பார்கள். சேரும் முன் விடுதியும் சேர்த்தியா, மூன்று வருடத்துக்குமா, அடிபட்டால் தொடருமா என்று கேளுங்கள். அதைவிட முக்கியம், கல்லூரி அணி மாவட்ட லீக்கிலும் ஆடுகிறதா என்பது. பல்கலைக்கழக அணிக்குத் தேர்வானால் தென்மண்டலப் போட்டி, அங்கிருந்து அகில இந்தியப் போட்டி.

சான்றிதழ்களுக்குப் படிவ எண் உண்டு. நாட்டுக்காக ஆடினால் ஃபார்ம்-1, மாநில அணிக்குத் தேசியப் போட்டியில் ஆடினால் ஃபார்ம்-2, பல்கலைக்கழக அணிக்கு ஃபார்ம்-3, பள்ளி மாநில அணிக்கு ஃபார்ம்-4. போட்டி முடிந்த கையோடு சங்கத்தில் கையெழுத்து, முத்திரை வாங்கிவிடுங்கள். ஐந்து வருடம் கழித்துப் போனால் அந்தச் செயலாளர் மாறியிருப்பார். மாநில அணிகள் மோதும் சந்தோஷ் டிராபிக்குத் தமிழ்நாடு அணியில் ஓர் ஆட்டம் ஆடிய ஃபார்ம்-2 சில பேருக்கு ஐ.எஸ்.எல். ஒப்பந்தத்தைவிட அதிகம் சம்பாதித்துக் கொடுத்திருக்கிறது. தமிழக அரசுப் பணிகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. ரயில்வே, வருமான வரித்துறை, காவல்துறை, வங்கிகள் ஆட்டக்காரர்களை வேலைக்கு எடுத்து அணி வைத்திருக்கின்றன.

பெண் பிள்ளைகளுக்கு இந்தப் பாதை இன்னும் தெளிவாகவே இருக்கிறது. மதுரையின் சேது எஃப்.சி. 2019-ல் இந்திய மகளிர் லீக்கை வென்றது, தமிழ்நாடு மகளிர் அணி தேசியச் சாம்பியன் ஆகியிருக்கிறது. கடலூர்க்காரரான இந்துமதி கதிரேசன் இந்திய அணிக்கு ஆடிக்கொண்டே காவல்துறையில் சப்-இன்ஸ்பெக்டராக இருந்தார். கிளப் சம்பளம் குறைவு என்பதால் வேலையையும் ஆட்டத்தையும் ஆரம்பத்திலேயே சேர்த்துத் திட்டமிடுவது அவர்களுக்குக் கைவந்த கலை, பையன்கள் பார்த்துப் படிக்கலாம்.

வயதை மட்டும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். ரயில்வே விளையாட்டு ஒதுக்கீட்டுக்கு 18 முதல் 25 வரைதான், தளர்வு கிடையாது. எந்தச் சாதனை கணக்கில் வரும், எத்தனை வருடத்துக்கு உள்ளே இருக்க வேண்டும் என்பது ஒவ்வோர் அறிவிப்பிலும் இருக்கும். 22 வயது முடிந்தும் ஐ-லீக் அளவில் நிலையான இடம் கிடைக்கவில்லை என்றால் அந்த வருடமே விண்ணப்பங்களைப் போட ஆரம்பியுங்கள், ஆட்டத்தை நிறுத்த வேண்டாம். செலக்ஷன் ஆட்டத்துக்கு அவர்களும் கூப்பிடுவார்கள், அங்கேயும் முதல் மூன்று டச் எளிதாக இருக்கட்டும்.